குங்குமத்துக்குக் கீழே இருந்த சிவப்பு

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். என் சேவையை மறக்க முடியாது என்று பேசினார்கள். மறுநாள் காலை அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இது ஓய்வு இல்லையென்றால் வேறு எது? ஒப்பந்தப் பணி புதுப்பிக்கப்படவில்லை என்றும் சொல்லலாம். பொன்னாடைக்கு மரியாதை கொடுத்து நான் அப்படிச் சொல்வதில்லை.

இதை எழுதக் காரணம் கார்த்திகா. பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவிக்கூடத்தில் நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவள். நான் தற்காலிகமாக இருந்தேன், அவள் நிரந்தரமாக இருக்கிறாள். வேறு வித்தியாசம் இல்லை. நல்ல பெண். போன வாரம் கூப்பிட்டாள்.

"அக்கா, ரெண்டாவது மிஷின் வாங்கறாங்கக்கா. மொத மிஷின் வந்த கதைய ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. நீங்க யுனிவர்சிட்டி ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்கக்கா."

"எழுதுனா போடுவாங்களா?"

"போடுவாங்கக்கா. போட்டோ பெருசா போட்டுட்டா யாரும் படிக்க மாட்டாங்க."

அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துப் பலமுறை அழித்தும் விட்டேன். மகள் மதியம் தூங்கும் நேரத்தில்தான் எழுத முடிகிறது. அவள் புரண்டு படுத்தாலே, நான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது.

நான் நிலவியல் படித்தவள். எங்கள் பக்கத்தில் நிலவியல் படித்தவள் என்றால் போர்வெல் போட இடம் காட்டுபவள் என்றுதான் பொருள். பெண் பார்க்க வந்தவர்கள் கூட, பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. "தென்னந்தோப்புல எங்க தோண்டுனா தண்ணி வருமுங்க அம்மணி?" என்றுதான் கேட்டார்கள். தெரியாது என்றேன். இவ்வளவு படித்தும் அது தெரியாதா என்று வருத்தப்பட்டுக்கொண்டே சம்மதித்தார்கள். பிறகு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. வெளியூரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி மைக்ரோப்ரோப் இயக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அதாவது, இங்கே இல்லாத கருவியை இயக்கத் தெரிந்த ஒரே ஆளாகத் திரும்பி வந்தேன்.

மைக்ரோப்ரோப் என்பது ஓர் எலக்ட்ரான் கருவி. கல்லையோ உலோகத் துண்டையோ கண்ணாடி போல வழுவழுப்பாகத் தேய்த்து உள்ளே வைத்தால், தலைமயிரின் தடிமனில் நூறில் ஒரு பங்கு இடத்தைத் தொட்டு, அங்கே இரும்பு எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று சொல்லிவிடும். பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை இழுத்தால் அதற்குப் பிடிக்காது. மின்தூக்கி ஏறி இறங்கினால் பிடிக்காது. தூசி, ஈரம், வெக்கை எதுவும் பிடிக்காது. ஒரு டன்னுக்கு மேல் எடை, ஆனால் புதுமாப்பிள்ளை மனசு.

இதை ஒரு துறைக்காக மட்டும் வாங்க நிதி தர மாட்டார்கள். எனவே நிலவியலும் பொருளறிவியலும் சேர்ந்து கேட்டன. பாறையை ஆராய்பவர்களும் உலோகக் கலவையை ஆராய்பவர்களும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்வார்கள் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. நிதி கொடுத்தவர்கள் அதை நம்பினார்கள் என்பதே எனக்கு இன்றுவரை ஆச்சரியம். கருவிக்கு என்னென்ன அம்சங்கள் வேண்டும் என்பதில் சண்டை, அறை யார் கட்டடத்தில் என்பதில் சண்டை. சாவி யாரிடம் என்ற சண்டைதான் மிக அழகாக முடிந்தது. ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு, துறைக்கு ஒரு சாவி. இரண்டு துறையும் ஒரே நேரத்தில் வந்தால் ஒழியக் கதவு திறக்காது. பகிர்வு என்றால் அதுதான்.

கருவிக்கூடத்தின் ஒருங்கிணைப்பாளர் நிலவியல் துறைத் தலைவர் பேராசிரியர் வேலுச்சாமி. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு உள்ளவர். கூட்டங்களுக்குத் தேநீர் வராது, இளநீர் வரும். அவரைப் போல மரியாதையாகப் பேசுகிறவரை நான் பார்த்ததில்லை. யாருக்கும் எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். "பண்ணிக்கலாமுங்க" என்றால் பண்ணப் போவதில்லை. "பாத்துக்கலாமுங்க" என்றால் அந்தப் பேச்சை இனி எடுக்காதே. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக என்னைக் "கண்ணு" என்பார். "அம்மணி" என்றால் கவனமாக இருக்க வேண்டும். "ஏனுங்க அம்மணி, நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க" என்று தொடங்கினால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது.

பொருளறிவியல் பேராசிரியர் ஷம்சுதீன் நேர் எதிர். உக்கடத்தில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். கருவி நிறுவனத்தோடு விலை பேசும்போது அவர் பேச்சைக் கேட்டு நான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன். "இந்த ரேட்டுக்கு நாங்க கல்ல நாக்குல நக்கியே என்ன தனிமம்னு சொல்லிருவோம் தம்பி" என்பார். விலை இறங்கும். வேலுச்சாமி சார் மட்டும், வியாபாரம் பேசுவது கல்வியாளருக்கு அழகா என்பது போல இளநீரைப் பார்ப்பார். இறங்கிய விலையில் அவருக்கு ஆட்சேபணை இருந்ததில்லை.

என் வேலை நிரந்தரமாவது இந்தக் கருவியோடு கட்டியிருந்தது. கருவி வந்து நின்றதும் அதற்கென்று ஒரு நிரந்தரப் பணியிடம் வரும், ஒருங்கிணைப்பாளர் பரிந்துரைத்தால் அது எனக்கு. "உங்களுக்குத்தான் கண்ணு, வேற யாருக்கு?" என்று சார் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டுக் கடன் வாங்கினோம்.

நிறுவனத்தின் பொறியாளர் பிரவீன் சென்னையிலிருந்து வந்து, அதிர்வும் காந்தப் புலமும் அளந்து அறையைத் தேர்ந்தெடுத்தார். தென்மேற்கு மூலையில் இரட்டைக் கதவு வைத்து, இதைவிடக் குறுகினால் கருவி உள்ளே போகாது என்று எழுதியும் கொடுத்தார். கதவு வைத்தார்கள். நான் பிரசவ விடுப்பில் போனேன்.

திரும்பி வந்தபோது கதவைக் காணோம். அந்த இடத்தில் சுவர் இருந்தது. வெள்ளையடித்து, பிள்ளையார் படமும் மாட்டியிருந்தது.

"சார், கதவு?"

"அது கன்னி மூலையில இருந்துச்சுங்க கண்ணு. அங்க கதவு இருந்தா உள்ள வர்றதெல்லாம் வெளிய போயிருமாமா. என்ற மச்சானுக்குத் தெரிஞ்ச வாஸ்துக்காரரு வந்து பாத்துப்போட்டு ஒரே புடியா நின்னுட்டாரு. ஈசானிய மூலையில வெச்சாச்சு, பாருங்க, தேக்கு."

தேக்குதான். நல்ல வேலைப்பாடு. ஒற்றைக் கதவு. அளவு நாடாவை எடுத்து அளந்தேன். கருவியின் அடித்தட்டைவிட ஒரு சாண் குறைவு. சொன்னேன்.

"பாத்துக்கலாமுங்க" என்றார்.

பூமிக்கடியில் நிலத்தட்டுகள் எப்படி நகர்கின்றன என்று முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவர். ஒரு கதவு நகர்ந்ததன் விளைவை மட்டும் பாத்துக்கலாம் என்று விட்டுவிட்டார்.

கருவி வந்த நாளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

காலையிலேயே லாரி வந்துவிட்டது. ராகு காலம் என்பதால் வாசலுக்கு வெளியே வெயிலில் நிறுத்திவைத்தார்கள். உள்ளே இருக்கும் பொருளுக்கு வெக்கை ஆகாது என்றேன். ராகு அதைவிட ஆகாது என்றார்கள். நல்ல நேரம் பிறந்ததும் பெட்டிக்குச் சூடம் காட்டி, குங்குமம் வைத்து, கிரேனில் இறக்கினார்கள். பிரவீன் மறுநாள்தான் வருவதாக இருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "நான் வர்ற வரைக்கும் பெட்டியத் தொடாதீங்க மேடம், ப்ளீஸ்" என்று மன்றாடினார். சாரிடம் சொன்னேன்.

"அவரு நாளைக்கு வருவாருங்க. நல்ல நேரம் நாளைக்கு வராதுங்களே."

இறக்கிக் கொடுக்க வந்தவர் சின்னச்சாமி மேஸ்திரி. பட்டறைகளுக்கு லேத் மெஷின் இறக்குவதில் பேர் போனவர். கதவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நொழையாதுங்க."

"சுவர ஒடச்சு பழைய கதவு வழியா கொண்டு போயிடலாம் சார்" என்றேன். "ஒத்தச் செங்கல் சுவருதான்."

"கன்னி மூலைய மறுக்கா ஒடைக்கறதுங்களா அம்மணி?" என்றார் சார். அம்மணி வந்துவிட்டது. நான் ஒதுங்கி நின்றேன்.

பெட்டியின் பலகைகளைக் கழற்றினார்கள். உள்ளே நெகிழித்தாள் சுற்றிய கருவி, இரும்பு அடித்தட்டோடு பிணைத்து நின்றது. வெளிப் பெட்டிக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, உள்ளே இருப்பதற்கும் வைக்க வேண்டாமா என்று யாருக்கோ தோன்றி, நெகிழித்தாள் மேல் அங்கங்கே குங்குமம் வைத்தார்கள். ஒரு பொட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சாய்வு காட்டியின் மேல் விழுந்தது. அது தீப்பெட்டி அளவில் ஒரு வில்லை. நடுவில் கண்ணாடி போன்ற சிறு வட்டம், வெள்ளையாக இருக்கும். கருவியை அனுமதித்த அளவுக்கு மேல் சாய்த்தால் சிவந்துவிடும். பிறகு நிமிர்த்தினாலும் வெளுக்காது.

"கொஞ்சம் சாச்சா போயிருமுங்க" என்றார் மேஸ்திரி.

"சாய்க்கக் கூடாதுங்கண்ணா" என்றேன்.

"ஏனுங்க, இத்தன வருசத்துல எத்தன லேத்து சாச்சிருப்பேன். ஒரு லேத்தாவது ஏன்டா சாச்சேன்னு என்னையக் கேட்டுதுங்களா?"

சிரித்தார்கள். சாய்த்தார்கள். அடித்தட்டின் ஒரு விளிம்பு மேலேற, மறு விளிம்பு தரையில் உரச, ஒரு டன் எடையும் அந்தத் தேக்கு நிலையில் மாட்டி ஒரு கணம் நின்றது. நிலையில் ஒரு சிராய் பெயர்ந்தது. "பாத்துங்க, தேக்கு!" என்று சார் கத்தினார். கருவி உள்ளே போய் நிமிர்ந்து நின்றது. கைதட்டினார்கள்.

நான் வில்லையிடம் போனேன். சிவப்பாக இருந்தது.

"சார், காட்டி செவந்திருச்சு."

எல்லோரும் வந்து பார்த்தார்கள். "அது குங்குமமுங்க கண்ணு" என்றார் வேலுச்சாமி சார். ஷம்சுதீன் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்து, "குங்குமந்தாம்மா" என்றார். இத்தனை ஆண்டுகளில் இரண்டு துறைகளும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

லாரி ஓட்டுநர் ரசீதை நீட்டினார். கருவி நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று பெற்றுக்கொள்பவர் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றுக்கொள்பவர் நான். குறை ஏதும் இருந்தால் எழுத ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். அறைக்குள் நிறுத்தும்வரை காப்பீடு உண்டு. ஆனால் குறையை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். பிறகு சொன்னால் எதுவும் கிடைக்காது.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. பாப்பாவை விட்டிருந்த குழந்தைகள் காப்பகம். "ஏனுங்க, பாப்பாவுக்கு மேலு சூடா இருக்குதுங்க. பாலும் குடிக்க மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க."

கையெழுத்தை மட்டும் போட்டால் உடனே கிளம்பலாம். வேலை நிரந்தரமாகும். வீட்டுக் கடன் கட்டலாம். இத்தனை படித்தவர்கள் குங்குமம் என்கிறார்கள், குங்குமமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு மனது சொன்னது. குங்குமமாகவே இருந்தால் துடைத்தால் போய்விடுமே என்று இன்னொரு மனது சொன்னது. நான் எப்போதும் இப்படித்தான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பேருந்தை விட்டு இறங்கித் திரும்பிப் போகிறவள்.

துப்பட்டா நுனியைத் தண்ணீர்ப் புட்டியில் நனைத்துத் துடைத்தேன். குங்குமம் வந்துவிட்டது. அதற்குக் கீழே, கண்ணாடிக்கு உள்ளே, சிவப்பு அப்படியே இருந்தது.

ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மேஸ்திரி மட்டும், "வெயிலுக்குச் செவந்திருக்கும்" என்றார்.

வேலுச்சாமி சார் என்னைத் தனியே அழைத்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க. செவப்புத்தானுங்க. ஆனா அடுத்த வாரம் தொறப்பு விழாங்க. பத்திரிகை அடிச்சாச்சுங்க. நாமதான் சாச்சோம்னு நாமளே எழுதிக் குடுக்கறதுங்களா? உங்களுக்கும் போஸ்ட் வர்ற நேரமுங்க. யோசனை பண்ணிக்கோங்க."

ஒரே பேச்சில் அத்தனை ங்க. "உள்ள ஏதாவது ஒடஞ்சிருந்தா என்ன சார் பண்றது?" என்று கேட்டேன்.

"பாத்துக்கலாமுங்க."

அந்தச் சொல்தான் என்னைத் தீர்மானிக்க வைத்தது என்று நினைக்கிறேன். அவர் பார்க்க மாட்டார். பிறகு கருவி ஓடவில்லை என்றால், இயக்கத் தெரிந்த ஒரே ஆளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அறைக்குள் கொண்டு செல்லும்போது சாய்க்கப்பட்டது, சாய்வு காட்டி சிவப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். ஓட்டுநர், "அக்கா எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

பேருந்தில் போகும் வழியெல்லாம், ஒரு பொட்டுச் சிவப்புக்காக என் குழந்தையின் எதிர்காலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேனோ என்று அழுதேன். பாப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

விழா நின்றுவிடும் என்று பயந்தேன். எனக்கு விழாக்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கருவியைச் சோதிக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று பிரவீன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மின்சாரம் கொடுக்காமலேயே திறந்து வைத்தார்கள். கருவி மேல் மாலை. பக்கத்துக் கணினித் திரையில், நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரு கனிமத்தின் வண்ணப் படம். தலைமை விருந்தினர் ஒரு பச்சைப் பொத்தானை அழுத்தினார். குளிர்சாதனம் ஓடத் தொடங்கியது. சில்லென்று காற்று வர, எல்லோரும் விஞ்ஞானத்தை உணர்ந்து கைதட்டினார்கள்.

விருந்தினர் என் பக்கம் திரும்பினார். "இதுல போர்வெல் பாயின்ட் பாக்கலாங்களா அம்மணி?"

"பண்ணிக்கலாமுங்க" என்றேன். எட்டு வருடம் ஒரே மனிதரிடம் வேலை பார்த்தால் ஏதாவது ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

விழாக் கூட்டம் கலைந்த பிறகுதான் பிரவீனால் கருவியைத் திறந்து பார்க்க முடிந்தது. நிமிர்ந்து நிற்கும் எலக்ட்ரான் தூணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் தனிமங்களைப் பிரித்தறியும் நிறமாலைமானி ஒன்றுக்குள் படிகம் ஒன்று இருப்பிடத்திலிருந்து பெயர்ந்து ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. சாய்த்ததால்தானா என்று கேட்டேன். "இருக்கலாம் மேடம். கப்பல்ல ஆயிருக்கலாம். ராகு காலத்து வெயில்லயும் ஆயிருக்கலாம்" என்றார். சிவப்புக்கும் விரிசலுக்கும் சம்பந்தம் உண்டா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கே எழுதிய அந்த வரி இருந்ததால் காப்பீட்டுக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. புதுப் படிகம் வந்தது. கருவி ஓடியது. இரண்டு துறையும் அன்றிலிருந்து நேரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு பயன்படுத்தி வருகின்றன.

நிரந்தரப் பணிக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. கருவியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வேலுச்சாமி சார் மிகுந்த பரிவோடு கேட்டார்.

"கைக்கொழந்தைய வெச்சுட்டு அவ்வளவு தொலவு வந்து போறது உங்களுக்குச் செரமமா இருக்காதுங்களா அம்மணி?"

இல்லை என்றேன். "நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க" என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். முடிவு வர ஒரு மாதம் ஆயிற்று. கார்த்திகாவுக்கு நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவள் தேறியதும் என் ஒப்பந்தமும் முடிந்தது, பொன்னாடையும் வந்தது.

ரசீதில் அந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும். கடன் தவணை வரும் நாளில் கட்டாயம் தோன்றும்.

இந்த இடம்வரை எழுதி வைத்திருந்தேன். நேற்று வேலுச்சாமி சார் கூப்பிட்டார்.

"நல்லாருக்கீங்களா கண்ணு? பாப்பா எப்படி இருக்குது?"

கண்ணு என்றதும் பயம் போய்ச் சந்தேகம் வந்தது. "நல்லா இருக்கா சார்."

"ரெண்டாவது மிஷின் வருதுங்க. போன தடவை நாம அன்னைக்கே எழுதிக் குடுத்ததாலதான படிகம் வந்துச்சு. நான் எல்லா மீட்டிங்லயும் சொல்றதுங்க, எழுதிருங்க அம்மணின்னு நான்தான் சொன்னேன்னு." பிறகு விஷயத்துக்கு வந்தார். "இந்தத் தடவையும் நீங்களே வந்து பாத்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. காப்பீட்டுக்காரன் உங்க பேரக் கேக்கறானுங்க. கார்த்திகாவுக்கு அவ்வளவு அனுபவம் பத்தாது."

சம்பளம் உண்டா என்று கேட்க நினைத்தேன். பண்ணிக்கலாமுங்க என்பார். கேட்கவில்லை.

"கதவு, சார்?"

"அதே தேக்குக் கதவுதானுங்க. இந்த மிஷின் கொஞ்சம் சின்னதுன்னு சொன்னாங்க. பாத்துக்கலாமுங்க." பிறகு, என் மனதிலிருப்பதைப் புரிந்துகொண்டவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க கண்ணு. போன தடவை மாதிரி கொழப்பமே வராது. இந்தத் தடவை குங்குமம் வேண்டாம், சந்தனம் மட்டும் வெச்சாப் போதும்னு சொல்லிப்போட்டேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் எழுந்து, கைப்பையில் அளவு நாடா, பேனா, துடைக்க ஒரு துணி எல்லாம் எடுத்து வைத்தேன். எது ஒட்டினாலும் தெரியும்படி துணி வெள்ளையாக இருக்கட்டும் என்று மகளின் பழைய சட்டையைக் கிழித்துக்கொண்டேன்.